நாற்சுழலி விமானத்தில் கட்டுப்பாட்டுப் பலகை அமருமிடம்

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டுத் துறையில் விடியற்காலை நிற்பவர், மீனவர் கடலுக்குப் புறப்படும் காட்சியைக் காணலாம். வலை, பனிக்கட்டிப் பெட்டி, எண்ணெய்க் கலம், சோற்றுத் தூக்கு என ஒவ்வொன்றாகப் படகில் ஏறும். ஏற்றுவோர் ஒரு பொருளையேனும் கண்ட இடத்தில் எறிவதில்லை. கனத்தது நடுவில், இலேசானது ஓரத்தில் என்று இடமறிந்து வைப்பர். பாரம் ஒருபுறம் மிகுந்தால் படகு அலைக்கு நில்லாது என்பதை அவர்க்கு எந்தப் பௌதிக ஆசிரியரும் கற்பித்ததில்லை, கடலே கற்பித்தது. அப்பாடத்தை வானத்திற் செல்லும் சிறு கலம் ஒன்றிடம் யாம் சற்றுத் தாமதமாகவும், சிறிது இரத்தம் சிந்தியும் கற்றோம். அதனை எம் கல்லூரித் தோழர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் இம்முயற்சியில் இறங்கியதற்குக் காரணம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, மக்கள் வாளிகளைக் கொண்டே அதனை அள்ளினர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தது. அவ்வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்திற் பரந்தது. எம் குழுவினருள் ஒருவர் அக்கழிமுகத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவர். அவர் வீட்டுப் படகும் வலையும் அவ்வெண்ணெயிற் கறுத்தன. எண்ணெய் எவ்வளவு தூரம் படர்ந்தது, எந்த அலையாத்திக் காட்டில் புகுந்தது என்பன கரையில் நிற்பவர்க்குத் தெரிவதில்லை; மேலிருந்து நோக்குவார்க்கே தெரியும். “நாமே ஒரு விமானம் செய்து பார்த்தால் என்ன?” என்று அவர் கேட்டார். அக்கேள்வியிலிருந்து பிறந்ததே எம் நாற்சுழலி.

நாற்சுழலியாவது யாது?

குவாட்காப்டர் என்றும், பொதுவாக டிரோன் என்றும் இக்காலத்தார் வழங்கும் சிறு விமானமே இது. நடுவில் ஓர் உடல். அதினின்று நான்கு புறமும் நீளும் நான்கு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மின் மோட்டார். அதன்மேல் ஒரு விசிறி. இரண்டு விசிறிகள் வலமாகவும், மற்ற இரண்டும் இடமாகவும் சுழலும். அதனால் உடலைத் திருப்ப முயலும் விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன் விசிறிகள் தளர்ந்து பின் விசிறிகள் விரைந்தால் விமானம் முன்சாய்ந்து முன்னே செல்லும். எதிரெதிர் மூலையிலுள்ள ஒரு ஜோடி விரைந்து மற்றொரு ஜோடி தளர்ந்தால் நின்ற இடத்திலேயே திரும்பும். வாலும் இல்லை, சுக்கானும் இல்லை. நான்கு மோட்டார்களின் வேக வேறுபாடே எல்லாம் செய்கின்றது.

இவ்வமைப்பு புதியதன்று. பிரெஞ்சு நாட்டில் பிரேகே சகோதரரும் ரிஷே என்னும் பேராசிரியரும் 1907ஆம் ஆண்டிலேயே நான்கு சுழலிகள் பூண்ட பெரிய பொறி ஒன்றைத் தரையினின்றும் எழுப்பினர். அஃது ஏறக்குறைய இரண்டடி உயரமே எழுந்தது. அப்பொழுதும் நான்கு மூலைகளிலும் நான்கு ஆட்கள் நின்று, அது சாய்ந்துவிடாதபடி தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போதெசா என்பவரும், 1924ஆம் ஆண்டில் பிரான்சில் எமிஷென் என்பவரும் இத்தகைய பொறிகளை ஆளேற்றிப் பறக்கச் செய்தனர். எமிஷெனின் பொறி ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையை முடித்துத் திரும்பிற்று. ஆயினும் இப்பொறிகள் நிலைபெற்று வழங்கவில்லை. நான்கு சுழலிகளையும் கணந்தோறும் தனித்தனியே திருத்திக்கொண்டிருத்தல் மனிதக் கைக்கு எளிதில் இயலாததாயிற்று.

அன்று நான்கு மூலைகளில் நின்ற நான்கு ஆட்களின் வேலையை இன்று ஒரு தீப்பெட்டியளவுள்ள மின்பலகை செய்கின்றது. அதுவே பிளைட் கன்ட்ரோலர் எனப்படுவது. ஈண்டு அதனைக் கட்டுப்பாட்டுப் பலகை என்று வழங்குவோம். அதனுள் இரண்டு முக்கியமான உணர்கருவிகள் உண்டு. ஒன்று ஜைராஸ்கோப், உடல் எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றது என்பதை அஃது உணர்த்தும். மற்றொன்று முடுக்கமானி, உடலை எத்திசையில் எவ்விசை தள்ளுகின்றது என்பதை இஃது உணர்த்தும். பல பலகைகளில் உயரமறிய ஒரு பாரமானியும், திசையறிய ஒரு காந்தத் திசைகாட்டியும் உடனிருக்கும். இவற்றின் வாக்குமூலத்தைக் கேட்டு, விநாடிக்கு 400 முறையும் அதற்கு மேலும் கணக்கிட்டு, பலகை நான்கு மோட்டார்களுக்கும் ஆணை விடுக்கின்றது. சாட்சியிற் பிழை நேர்ந்தால் தீர்ப்பிலும் பிழை நேரும். ஆகலின் சாட்சியை எங்கே நிறுத்துவது என்பது சிறிய கேள்வியன்று.

எம் முதல் முயற்சி

எமக்கு அக்கேள்வி முதலிற் சிறியதாகவே தோன்றிற்று. விமானத்தின் நடுவிடத்தைக் காமிராவுக்கும் மின்கலத்துக்கும் கொடுத்துவிட்டோம். கம்பிகள் எட்டுவதற்கு வசதியாயிருக்குமென்று பலகையை நடுவினின்று 10 சென்டிமீட்டர் பின்னே தள்ளித் திருகாணியால் இறுக முடுக்கினோம். கல்லூரி மைதானத்தில் அதை எழுப்பியபோது ஒழுங்காகவே எழுந்து நின்றது. எல்லோரும் கைதட்டினோம். சுற்றுப்புறம் முழுவதையும் படமெடுக்கக் கருதி, நின்ற இடத்திலேயே அதனை விரைவாகப் பல சுற்றுத் திருப்பி நிறுத்தினோம். நின்ற மாத்திரத்தில், யாரும் ஏவாமலே அது தலைகவிழ்ந்து முன்னோக்கி ஓடி, வேப்பமரத்தில் மோதி விழுந்தது. முறிந்த விசிறித் துண்டு ஒன்று தெறித்து, தோழர் ஒருவரின் முன்கையைக் கிழித்தது. காயம் பெரிதன்று. அதுவே முகத்திற் பட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்னும் எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

முதலில் மோட்டாரைக் குறை கூறினோம். பின்னர்க் காற்றைக் குறை கூறினோம். பலகை தன் நினைவில் எழுதிவைத்திருந்த குறிப்பைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தபோதே உண்மை புலப்பட்டது. விமானம் சமமாயிருந்த வேளையில், தன் மூக்கு மேலே தூக்கியிருப்பதாகப் பலகை நம்பியிருந்தது. நம்பியவாறே மூக்கைத் தாழ்த்த முயன்றது. பலகை தன் கடமையைச் செய்தது. அதனைத் தவறான இடத்தில் இருத்தியவர் யாமே.

நடுவிடம் வேண்டுவது ஏன்?

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் மாசித் திருவிழாவைக் கண்டவர் ராட்டினத்தையும் கண்டிருப்பர். சுழலும் ராட்டினத் தட்டின் நடுவில் ஒருவனும், விளிம்பில் ஒருவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதாகக் கொள்வோம். தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இருவரும் ஒரு சுற்றே சுற்றுவர், அதில் வேறுபாடில்லை. ஆனால் விளிம்பில் நிற்பவன் மட்டும் வெளியே வீசப்படுவதுபோல் உணர்வான். விழாமலிருக்க உட்பக்கம் சாய்வான். கண் கட்டியிருத்தலின், தரையே சாய்ந்துவிட்டது என்றும் எண்ணுவான். நடுவில் நிற்பவனுக்கு அம்மயக்கம் இல்லை.

ஜைராஸ்கோப்பு, சுற்றை எண்ணும் கருவி. வளையாத உடலில் அதனை எங்கு வைத்தாலும் ஒரே விடையைத் தரும். முடுக்கமானியோ விளிம்பில் நிற்பவனைப் போன்றது. நடுவினின்று விலகவிலக, உடல் சுழலும்போதெல்லாம் இல்லாத சாய்வை உண்டென்று அறிவிக்கும். அற்றேல் ஜைராஸ்கோப்பை மட்டும் நம்பி, முடுக்கமானியை விலக்கிவிடலாகாதோ எனின், ஆகாது. ஜைராஸ்கோப்பின் சிறு பிழைகள் நேரம் செல்லச்செல்லத் திரண்டு பெரிதாகும். கீழ்த்திசை எது என்பதை அவ்வப்போது நினைவூட்டுவதற்கு முடுக்கமானி இன்றியமையாதது. பலகை இரண்டின் சொல்லையும் கலந்தே முடிவு செய்கின்றது.

கணக்கிட விரும்பும் மாணவர்க்காக எண்களையும் தருகின்றோம். விநாடிக்கு ஒரு சுற்று என்றால் கோணவேகம் 6.28 ரேடியன். அதன் இருமடி ஏறக்குறைய 39.5. பலகை 10 சென்டிமீட்டர், அதாவது 0.1 மீட்டர், விலகியிருந்தால் மையநோக்கு முடுக்கம் 3.95 ஆகும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. முன்னது பின்னதில் ஐந்தில் இரண்டு பங்கு. முடுக்கமானியின் சொல்லை முழுதும் நம்பினால், சமமாயுள்ள விமானம் 22 பாகை சாய்ந்திருப்பதாகத் தோன்றும். ஜைராஸ்கோப் மறுத்துரைப்பதால் இத்துணைப் பிழையும் உடனே விளையாது. சுழற்சி நீடிக்க நீடிக்க மெல்ல ஏறி, சுழற்சி நின்ற பின்னும் சிறிது நேரம் தங்கும். எம் விமானம் நின்றபின் ஓடியதன் காரணம் இதுவே.

அதே பலகை நடுவினின்று ஒரு சென்டிமீட்டரே விலகியிருந்தால் பொய்ச்சாய்வு 2 பாகைக்குச் சற்று மேல். மேலும், விநாடிக்குக் கால் சுற்றே திரும்பும் மெதுவான விமானத்தில், 10 சென்டிமீட்டர் விலகலும் ஒன்றரைப் பாகைக்குள் அடங்கும். ஆகவே சிறு விலகலுக்காக ஒருவர் உடலையே வெட்டி ஒட்ட வேண்டுவதில்லை. நடுவிடம் கிடைக்காத பெரிய விமானங்களுக்கு, பலகை எத்திசையில் எவ்வளவு விலகியுள்ளது என்பதை எழுதித் தருவதற்குச் சில மென்பொருள்களில் இடமுண்டு. அதுகொண்டு பலகை தானே கழித்துக் கணக்கிடும். இயன்றவரை நடுவில் வைத்தலே நன்று. இயலாதபோது உண்மையான இடத்தை அதற்குச் சொல்லிவிடுதல் அடுத்த நன்று.

நடுவை அறிவது எவ்வாறு?

ஈண்டு நடு என்பது கண்ணளவிற் காணும் நடுவன்று. விமானத்தின் ஈர்ப்பு மையம். மின்கலமே இவ்விமானத்தில் மிகக் கனத்த பொருள்களுள் ஒன்று. அது ஒரு விரற்கிடை நகர்ந்தாலும் மையம் உடன் நகரும். பள்ளியில் ஒழுங்கற்ற தகட்டை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு குத்துக்கோடுகள் வெட்டுமிடத்தைக் கண்டதை யாவரும் நினைவிற் கொள்வர். அதே முறையில் விமானத்தையும் தொங்கவிட்டுக் காணலாம். எளிய வழி, இருபுறமும் ஒவ்வொரு விரலால் தாங்கித் தூக்கிப் பார்த்தல். முன்னோ பின்னோ தாழுமாயின் மின்கலத்தை நகர்த்தி, ஈர்ப்பு மையம் நான்கு மோட்டார்களுக்கும் நடுவில் விழுமாறு செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் ஒரு பக்கத்து மோட்டார்கள் எப்பொழுதும் மிகையாக உழைத்துச் சூடேறும். பிறகே, அம்மையத்துக்கு நேர் மேலோ கீழோ இயன்றவரை அருகில் பலகையை அமர்த்த வேண்டும்.

பலகையின்மேல் ஓர் அம்புக்குறி பொறித்திருப்பர். அது விமானத்தின் முன்புறத்தை நோக்கியிருத்தல் முறை. கம்பிகளுக்காகப் பலகையைத் திருப்பி வைக்க நேர்ந்தால், எத்தனை பாகை திருப்பினோம் என்பதை மென்பொருளில் தவறாது குறித்தல் வேண்டும். மறந்தால் நேர்வது இது: விமானம் வலப்புறம் சாயும்போது பலகை அதனை முன்சாய்வென்று கொண்டு வேறு மோட்டாரை விரைவுபடுத்தும், சாய்வு திருந்தாமல் வளரும், எழுந்த கணத்திலேயே விமானம் குப்புற விழும்.

அதிர்ச்சியைத் தடுத்தல்

இடம் சரியாயினும் இருக்கை சரியாயிருத்தல் வேண்டும். எம் இரண்டாம் பிழை, பலகையை உடலோடு திருகாணியால் இறுக்கியது. ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழன்றால், விநாடிக்கு 100 முறை உடலை உலுக்கும். விசிறியின் ஓர் இதழ் மற்றதினும் சிறிது கனத்திருந்தாலும் அவ்வுலுக்கல் மிகும். சினிமாவில் விரைந்து செல்லும் தேரின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். இடையிடையே மட்டும் படம் பிடிப்பதால் விளையும் மயக்கம் அது. முடுக்கமானியும் இடையிடையே அளப்பதாதலின், விரைவான அதிர்ச்சி சில வேளைகளில் மெதுவான நகர்ச்சியெனப் பொய்த்தோற்றம் காட்டும். விமானம் ஏவாமலே மேலெழுதலுக்கும் தாழ்தலுக்கும் இஃது ஒரு காரணம்.

பரிகாரம் மூன்று. முதலாவது, நோயை அதன் வேரிலேயே களைதல். விசிறிகளைச் சமனிட்டு, வளைந்தவற்றை எறிந்துவிட வேண்டும். இரண்டாவது, பலகையின் நான்கு மூலைகளிலும் இருபுறமும் ஒட்டும் பஞ்சு நாடாத் துண்டுகளை வைத்து அமர்த்துதல். பஞ்சு மிக மெத்தென்றிருப்பினும் தீங்கே. பலகை தன் இருக்கையிலேயே ஊஞ்சலாடத் தொடங்கி, உடலின் அசைவைத் தாமதமாக உணரும். மூன்றாவது, பலகைக்கு வரும் கம்பிகளை இழுத்துக் கட்டாமல் சிறிது தளர விடுதல். விறைத்த கம்பி, பஞ்சு தடுத்த அதிர்ச்சியை வேறு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

காந்தம், காற்று, உப்பு

வடசென்னையில் விமானம் விட நினைப்பவர் கருத வேண்டியன இன்னும் மூன்று. முதலாவது காந்தம். சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. 20 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பியினின்று 5 சென்டிமீட்டர் தொலைவில் எழும் புலம் 80 மைக்ரோடெஸ்லா. அஃதாவது பூமியினதைப் போல் இருமடங்கு. இத்தகைய அண்டையில் திசைகாட்டி வடக்கை எங்ஙனம் காணும்? மின்கலத்தினின்று போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கினால், எதிரெதிர் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் அழியும். அவ்வாறு செய்த பின்னும், திசைகாட்டியைப் பலகையினின்று பிரித்து, ஜி.பி.எஸ். கருவியோடு சேர்த்து ஒரு சிறு கம்பத்தின்மேல் உயர்த்தி வைத்தலே வழக்கம். முடுக்கமானிக்கு நடுவிடம் நல்லிடம்; திசைகாட்டிக்கோ கம்பிகள் மொய்த்த அந்நடுவிடமே பகை.

கப்பற் காரர் இவ்விடரை நெடுங்காலமாக அறிவர். இரும்புக் கப்பல்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், திசைகாட்டிப் பீடத்தின் இருபுறமும் இரும்புக் குண்டுகளை வைத்துப் பிழை திருத்தும் முறையைக் கெல்வின் பிரபு வகுத்தார். பாரந்தூக்கிகளும், சரக்குப் பெட்டிகளும், தண்டவாளமும் நிறைந்த துறைமுகப் பக்கத்தில் நின்று திசைகாட்டியைத் திருத்தியமைத்தால், அப்பிழையையே உண்மையென்று பழக்கியதாகும். இரும்பில்லாத வெட்டவெளியிலேயே அதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது காற்று. கடல்மட்டத்தருகில் ஒரு மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 12 பாஸ்கல் குறையும். அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக்கொண்டே பாரமானி உயரத்தைச் சொல்கின்றது. விசிறிக் காற்றோ பிற்பகற் கடற்காற்றோ நேரே அதன்மேல் வீசினால், விமானம் அசையாதிருந்தும் உயரம் மாறியதாகக் கூறும். ஆதலின் பலகைக்கு ஒரு மூடியிட்டு, பாரமானியின் துளைமேல் காற்றுப் புகக்கூடிய பஞ்சுத் துண்டொன்றை வைப்பர்.

மூன்றாவது உப்பு. எண்ணூர்க் கரையில் வீட்டுச் சாளரக் கம்பிகளைத் தின்னும் உப்புக்காற்று, மயிரிழை போன்ற மின்தடங்களை விட்டுவைக்குமோ? பலகைக்கென விற்கும் பாதுகாப்புப் பூச்சை மெல்லெனப் பூசலாம். பூசுமுன் பாரமானியின் துளையையும், இணைப்புத் துளைகளையும் நாடாவால் மறைத்துக்கொள்ள மறவற்க.

மீண்டும் எழுந்தது

இவற்றையெல்லாம் கற்றபின் விமானத்தை முற்றிலும் பிரித்துக் கட்டினோம். காமிராவை முன்னும், மின்கலத்தைப் பின்னுமாகப் பகிர்ந்து ஈர்ப்பு மையத்தை நடுவில் நிறுத்தினோம். பலகையை அதன் நேர் மேலே பஞ்சின்மீது அமர்த்தினோம். திசைகாட்டியைக் கம்பத்தில் ஏற்றினோம். யாவரும் தொலைவில் விலகி நிற்க, முன்போலவே பல சுற்று விரைவாகத் திருப்பி நிறுத்தினோம். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. அம்முறை ஒருவரும் கைதட்டவில்லை. முன்கையில் தழும்புடைய தோழர் மட்டும் மெல்லச் சிரித்தார்.

எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் அதனை யாம் இன்னும் எழுப்பவில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகள், வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்து வரைபடமாகக் காட்டின. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறத்தல் ஆகாது என்றும் விதித்தன. துறைமுகமும், மின்நிலையமும், எண்ணெய்க் கிடங்கும் அடுத்தடுத்து நிற்கும் இப்பகுதியில் அவ்வரைபடத்தைப் பாராது விமானம் எழுப்புதல் அறிவுடைமையாகாது. எம்முடையதைப் போன்ற ஒன்று வேப்பமரத்தில் விழுந்தால் ஒரு கை கிழியும்; வேறிடத்தில் விழுந்தால் விளைவு வேறாகும்.

இத்துறையில் நம் நாட்டார் பின்தங்கியிலர். 1949ஆம் ஆண்டில் குரோம்பேட்டையில் தொடங்கப்பெற்று, அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் கற்ற சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அங்கே மாணவரும் ஆசிரியரும் கூடித் ‘தக்ஷா’ என்னும் ஆளில்லா விமானங்களை உருவாக்கினர். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஆளில்லா விமானங்களுக்கெனத் தனிக் கழகமொன்றையும் நிறுவிற்று. எம் முயற்சி அவற்றின்முன் மிகச் சிறிது. ஆயினும் அவர்களும் தம் முதற் பலகையை எங்கே வைப்பது என்று ஒருநாள் எண்ணியே இருப்பர்.

வள்ளுவர் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருபாற் சாயாமல் நிற்றல் சான்றோர்க்கு அழகென்பதைச் சிறுவயது முதற் படித்துவந்தோம். சாய்வை உணர வேண்டிய சாட்சி தானே ஒரு பக்கத்தில் இருத்தலாகாது என்பதனை ஒரு சிறு மின்பலகை எமக்குக் கண்கூடாகக் காட்டிற்று. வரும் ஆண்டில் இம்முயற்சியைத் தொடரும் இளைய மாணவர், திருகாணியைக் கையில் எடுக்குமுன் ஒரு நாழிகை நூலையும் குண்டையும் எடுத்து நடுவைத் தேடுவாராக. உரிய அனுமதி கிடைக்கும் நாளில், எம் தோழர் பிறந்த குப்பத்தின் மேல் அது நிலைபெற்று நின்று, தம் கழிமுகத்தின் முழு உருவையும் அவ்வூரார்க்குக் காட்டுமாக.